சகாயில் பிறந்து கிள்ளானுக்கு வந்த கத்தி

தேபா என்பது ஜப்பானியர் மீன் அறுக்கும் கத்தி. இங்கே கதைக்கு வரும் தேபாவின் வாய் 18 சென்டிமீட்டர் நீளம். முதுகைப் பார்த்தால் வெட்டரிவாள். பிடியை ஒட்டி ஏழு மில்லிமீட்டர் கனம். வாயைப் பார்த்தால் சவரக்கத்தி. வலப்பக்கத்தில் மட்டும் முதுகுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு கோடு ஓடும். அதற்குக் கீழே வாய் வரை ஒரே சரிவு. இடப்பக்கம் பார்வைக்கு வெறும் தட்டை. ஓர் அடிக்கோலைக் குறுக்கே வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் நடுவில் மெல்லிய குழிவு இருப்பது தெரியும். கோலுக்கும் எஃகுக்கும் இடையே நூலளவு வெளிச்சம் கசியும். அந்த நூலளவு வெளிச்சத்தைக் காப்பாற்றத்தான் கிள்ளானில் ஒரு பெரியவர் ஒரு பகல் முழுக்கக் கல்லோடு உட்கார்ந்திருந்தார்.

கத்தியின் எஃகு யசுகியில் உருவானது. ஜப்பானின் மேற்கே ஷிமானே மாநிலத்தில் இருக்கிற ஊர். ஹிட்டாச்சி மெட்டல்ஸ் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு, 2023 முதல் புரோடீரியல் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் எஃகாலை அங்கே இருக்கிறது. வெள்ளைத்தாள், நீலத்தாள் என்று வகை பிரித்து விற்பார்கள். எஃகுக்கு அந்த நிறம் கிடையாது. ஆலையில் சுற்றி அனுப்பும் தாளின் நிறம் அது. இந்தத் தேபாவின் பெட்டியில் இருந்தது வெள்ளைத்தாள் இரண்டாம் நம்பர். அதில் கரி 1.05 முதல் 1.15 விழுக்காடு வரை. வேறு உலோகம் சேர்த்தது என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. நீலத்தாளில் டங்ஸ்டனும் கொஞ்சம் குரோமியமும் சேர்ப்பார்கள். பதம் கூடுதல் நாள் நிற்கும். வெள்ளைத்தாள் கல்லில் சட்டென்று பிடிக்கும், அதே வேகத்தில் துருவும் பிடிக்கும்.

விற்கிறவர்களில் சிலர் இதைச் சாமுராய் வாளின் எஃகு என்பார்கள். நம்ப வேண்டாம். வாளுக்கான தமஹகானே வேறு சரக்கு. அதே ஷிமானேயில், மலைப்பக்கமாக ஒகுயிசுமோவில், குளிர்காலத்தில் மட்டும் சூளை மூட்டி மணலிரும்பிலிருந்து எடுத்து வாள் கொல்லர்களுக்குக் கொடுக்கிறார்கள். எஃகு என்று பேச்செடுத்தாலே நம்மில் சிலர் பழந்தமிழர் எஃகு செய்த கொடுமணலுக்குப் போய்விடுவதும் உண்டு. இந்தக் கத்திக்கு இரண்டு பரம்பரையும் கிடையாது. ஆலை எஃகு, நல்ல எஃகு, அவ்வளவுதான்.

ஆலையிலிருந்து பட்டையாக வந்த எஃகு கத்தியானது சகாயில். ஒசாகாவுக்குத் தெற்கே ஒட்டிக்கிடக்கிற பழைய துறைமுக ஊர். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் துப்பாக்கியையும் புகையிலையையும் ஜப்பானுக்குக் கொண்டுவந்தபோது இரண்டாலும் பிழைத்தது சகாய். துப்பாக்கி செய்தார்கள், புகையிலை இலையை மயிரிழையாக நறுக்கும் கத்தியும் செய்தார்கள். அந்தக் கத்திகளுக்கு எடோ காலத்து அரசு தனி முத்திரை கொடுத்தது. புகையிலைக் கத்தி போய்ச் சமையல் கத்தி வந்தது. 1982-ல் சகாய்க் கத்தியை நாட்டின் மரபுக் கைவினையாக அரசு அறிவித்தது. உலையும் சுத்தியலும் பழகிய அந்த ஊரில்தான் சைக்கிள் பாகத் தொழிலும் வேர் பிடித்தது. 1921-ல் அங்கே தொடங்கிய ஷிமானோவின் கியரை மாற்றித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் புத்ராஜெயா பக்கம் நம் பிள்ளைகள் சைக்கிள் மிதிக்கிறார்கள்.

சகாயில் ஒரு கத்தியை ஒரே ஆள் செய்து முடிப்பதில்லை. அடிப்பவர் அடிப்பதோடு சரி. மெல்லிய இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, வெண்காரமும் இரும்புத்தூளும் தூவி, கடினமான எஃகுத் துண்டை அதன்மேல் ஒட்டி அடித்து ஒன்றாக்குவார். பிறகு களிமண் பூசி, உலையில் ஏறத்தாழ 800 டிகிரிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் தோய்ச்சல். தோய்த்த எஃகு கண்ணாடி போல நொறுங்கும் என்பதால், 200 டிகிரிக்குள் மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதத்தை இறக்குவார். அதற்கப்புறம் கத்தி தெரு தாண்டித் தீட்டுகிறவரிடம் போகும். பெரிய ஈரச் சக்கரத்தில் சரிவைக் கொண்டுவருவதும், இடப்பக்கத்தில் அந்தக் குழிவை எடுப்பதும் அவர் வேலை. நடுநடுவே கோணலை நிமிர்த்திக்கொண்டே இருப்பார். கடைசியில் காம்பைச் சூடாக்கி, மக்னோலியா மரப் பிடிக்குள் இறக்கி, எருமைக் கொம்பு வளையத்தோடு முடிப்பது மூன்றாவது ஆள். உளியால் பெயர் கொத்துவதும் பெட்டியில் வைப்பதும் மொத்த வியாபாரி.

இடப்பக்கத்தின் குழிவு எதற்கு? மீன் சதை கத்தியோடு ஒட்டிக்கொண்டு வராமல் இருக்க ஒரு பங்கு உதவும். தீட்டும்போது உதவுவதுதான் பெரிது. குழிவு இருப்பதால் கத்தியை மல்லாக்கக் கல்லில் படுக்க வைத்தால் ஓரங்கள் மட்டும் கல்லைத் தொடும்; நாலு இழுப்பில் பிசிறு போய்விடும், மற்ற இடம் தேயாது. இன்னொரு காரணம் உள்ளே இருக்கிறது. இரண்டு அடுக்காக ஒட்டிய கத்தியில் கடின எஃகு முழுக்க இடப்பக்கத்தில்தான் தகடு மாதிரி பரவியிருக்கிறது. வலப்பக்கச் சரிவில் மேலே தெரிவது மெல்லிய இரும்பு, வாயோரம் மட்டும் எஃகு. வலப்பக்கத்தைத் தேய்க்கிறவர் பெரும்பாலும் விலை குறைந்த இரும்பைத் தேய்க்கிறார். இடப்பக்கத்தைத் தேய்க்கிறவர் கத்தியின் முதலையே தேய்க்கிறார். இந்தக் கத்திகளை எலும்பு கெடுத்ததைவிடத் தீட்ட வந்தவர்கள் கெடுத்ததுதான் அதிகம் என்பது என் கணிப்பு.

தேபா கோலாலம்பூருக்கு வந்தது ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறைக்காக. ஜப்பானியச் சாப்பாடு இங்கே பெருகியதற்குப் பின்னால் அரசியலும் உண்டு. 1982-ல் பிரதமர் மகாதீர் ‘கிழக்கே பார்’ கொள்கையை அறிவித்தார்; மாணவர்கள் ஜப்பானுக்குப் போனார்கள், ஜப்பானிய நிறுவனங்கள் இங்கே வந்தன, அவற்றின் அதிகாரிகள் மோன்ட் கியாரா பக்கம் குடியேறினார்கள், அவர்களைப் பின்தொடர்ந்து சூஷிக் கடைகளும் வந்தன. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய தமிழ்க் குடும்பங்களில் ஜப்பான் என்றால் முதலில் ஞாபகம் வருவது மீனும் அல்ல, கத்தியும் அல்ல. 1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. அதையடுத்து நம் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்களை ஏற்றிச் சயாம் ரயில் போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. கிள்ளான் பெரியவரின் வீட்டிலும் அப்படி ஒரு தாய்மாமன் உண்டு. கத்தி ஜப்பான் சரக்கு என்று தெரிந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: “சாமான் நல்லாத்தான் செய்வான்.” அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை, நானும் கிளறவில்லை.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சாப்பாட்டுக் கடைகள் முதலில் பொட்டலத்துக்கு மாறின, அப்புறம் பல கடைகள் கதவை மூடின. மூடிய கடைகளின் அடுப்பும் குளிர்பெட்டியும் மேசை நாற்காலியும் கிடைத்த விலைக்குப் போயின. அப்படி ஓர் ஏலத்தில்தான் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி தேபாவை வாங்கினார். அவர் வாங்கப் போனது எஃகு மேசை. கத்தி அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பெட்டியோடு 80 வெள்ளி. புதிதாக வாங்கினால் அதைப் போலப் பல மடங்கு.

வாழையிலைக் கடையில் மீன் தலைக்கறி ஓடும் நாட்களில் இக்கான் மேரா தலை பத்து பதினைந்து பிளக்க வேண்டும். தேபா மீன் தலைக்குத்தானே பிறந்தது என்று கேட்கலாம். பிறந்தது சரி. தலையைப் பிளக்க வாயின் அடிப்பகுதியை, பிடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் மொத்தமாகத் தீட்டி வைத்திருக்கும் இடத்தை, எலும்பின் மூட்டில் வைத்து மேலே உள்ளங்கையால் அமுக்க வேண்டும். ஓங்கி வெட்டக் கூடாது. வெட்டி மாட்டிக்கொண்டால் பக்கவாட்டில் திருகவே கூடாது. நம் சமையலறைப் பழக்கமோ ஓங்கி வெட்டுவது, மாட்டிக்கொண்டால் திருகி எடுப்பது. அரிவாள்மனையும் பாராங்கும் சீனக் கசாப்புக் கத்தியும் இதைப் பொறுத்துக்கொள்ளும். அவற்றின் எஃகு இளகியது. அடி பட்டால் மடங்கும், கல்லில் இழுத்தால் நிமிரும். 62, 63 ராக்வெல் கடினம் உள்ள எஃகு மடங்காது. பொக்கை விழும்.

முதல் பொக்கை விழுந்தது உறைந்த தெங்கிரியில். பனிக்கட்டியாகக் கிடந்த மீனை உருக விடாமல் துண்டு போட்டிருக்கிறார்கள். அடுத்தது மீன் தலையில், திருகியபோது. பிறகு கோழிக்கால். நாளாக ஆக வாய் கரகரவென்று பல் பல்லாகிவிட்டது. ஆழமான பொக்கை இரண்டு மில்லிமீட்டர். ஒரு கடுகு படுத்துத் தூங்கும். முனை ஒரு நாள் தொட்டியில் விழுந்து நாலு மில்லிமீட்டர் போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். கடைப் பையன் ஒருவன் இழுத்தால் தீட்டிவிடும் பிளாஸ்டிக் கருவி ஒன்றை வாங்கி வந்து, நாள்தோறும் அதில் நாலு இழு இழுத்தான். அந்தக் கருவியின் வாய்க்குள் இரண்டு பக்கமும் சாய்ந்த தகடுகள். ஒருபக்க வாய், இருபக்க வாய் என்று அதற்குத் தெரியாது. தேபாவின் இடப்பக்கத்திலும் அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பொய்ச் சரிவு விழுந்தது. கத்தி அதற்கப்புறம் நேரே இறங்கவில்லை. சரி, கைதேர்ந்தவரிடம் கொடுப்போம் என்று ஒரு கடையில் கொடுத்தார்கள். அங்கே மின்சாரச் சாணையில் தண்ணீர் இல்லாமல் பிடித்ததில் தீப்பொறி அழகாகப் பறந்தது, முனைப்பக்கம் நீலம் பாய்ந்தது. எஃகு நீலம் காட்டினால் சூடு 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது என்று பொருள். 200-க்குள் வைத்த பதம் அங்கே செத்துப்போயிற்று.

தம்பிக்கு அந்தக் கத்தியைத் தூக்கிப் போட மனமில்லை. தேபா பதமாக இருந்தபோது மீனின் நடுமுள்ளை ஒட்டிச் சதையை உரித்தெடுத்த வேகத்தை அவர் பார்த்திருந்தார். மீன் கடைக்காரர் ஒருவர்தான் கிள்ளான் பெரியவரைக் கைகாட்டினார். கத்தியைச் செய்தித்தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து, நூல் கட்டி எடுத்துக்கொண்டு தம்பியும் நானும் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினோம். பெட்டியும் நூலும் அழகுக்கு அல்ல. தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தியோடு போனால் 1958-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஒன்று காத்திருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் போகும் இந்த இருப்புப்பாதைக்கு வயது அதிகம். 1886-ல் புக்கிட் கூடா வரை ஓடி, 1890-ல் ஆற்றைத் தாண்டிக் கிள்ளானுக்குப் போனது. பிரிக்பீல்ட்ஸில் தமிழர் குடியேறியதற்கே பெரிய காரணம் ரயில்தான். சென்ட்ரல் நிலையம் இன்று நிற்பதும் பழைய ரயில்வே நிலத்தில். ஷா ஆலாம் தாண்டி, பாடாங் ஜாவா தாண்டி, இறங்குகிற வரை தம்பி பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

பெரியவர் தோட்டத்தில் பால்வெட்டிலிருந்து ஓய்ந்தவர். கிள்ளானைச் சுற்றி அப்போது எங்கு பார்த்தாலும் பால்மரம். புக்கிட் ராஜா தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகிப் பண்டார் புக்கிட் ராஜா ஆகிவிட்டது. தோட்டம் போய், லயம் போய், மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்த பிறகும் அவரிடம் மிச்சம் இருந்தது உளி தீட்டிய கை. பக்கத்துப் பாசார் மீன்காரர்களும் இறைச்சிக்காரர்களும் கத்தி கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஜப்பான் கத்தி அவருக்குப் புதிதல்ல. மீன்காரர்கள் மூலம் இரண்டு மூன்று கை மாறி வந்திருக்கின்றன.

பால்வெட்டு உளியைப் பார்த்திராதவர்களுக்கு: இரண்டு சிறகை மடக்கிய மாதிரி நடுவில் பள்ளமாக இருக்கும். விடியுமுன் பெரட்டுக்குப் போவதற்குள் அதைக் கல்லில் போட்டுப் பதம் பார்த்துவிட வேண்டும். உளி மழுங்கினால் பட்டை தடிமனாகச் சீவப்படும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் மரத்தில் ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போவது கணக்கு. கூடுதலாகத் தின்றால் மரத்தின் ஆயுள் முடிவதற்குள் பட்டை முடிந்துவிடும். ஆழமாகப் போனால் உள்தோல் காயப்பட்டு, வளர்ந்து வருகிற பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். தண்டல் வந்து மரத்தைத் தடவிப் பார்த்தே ஆளை எடைபோடுவார். பால் நிறைய எடுத்தவரைவிடப் பட்டையைக் குறைவாகத் தின்று அதே பாலை எடுத்தவருக்குத்தான் பெயர்.

தேபாவைக் கையில் வாங்கியவர் முதலில் வாயைப் பார்க்கவில்லை. இடப்பக்கத்தைத் திருப்பி, கோலை வைத்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

“பின்பக்கத்த யாரு தேச்சது?”

“பையன் ஒருத்தன் அந்த இழுக்குற மெஷின்ல போட்டுட்டாங்க ஐயா.”

“நல்லவேள, மெஷினோட நிறுத்திக்கிட்டான். கல்லுல போட்டிருந்தா குழி போயிருக்கும்.”

அடுத்து ஓர் அரத்தை எடுத்தார். நீலம் பாய்ந்த இடத்தின் விளிம்பில் வைத்து லேசாக ஒரு தள்ளு. அரம் கடித்தது. அரை விரல் தள்ளி வைத்தார், வழுக்கியது. பதம் இருக்கும் எஃகில் அரம் ஏறாது. சூடு பட்டு இளகிய இடத்தில் ஏறும். மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தள்ளிப் பார்த்து, எது வரை செத்திருக்கிறது என்பதற்குப் பேனாவால் ஒரு கோடு போட்டார். பொக்கையின் ஆழமும் செத்த எஃகின் ஆழமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. இடப்பக்கத்துப் பொய்ச் சரிவு அதற்கும் கீழே. ஆக, வாயை இரண்டு மில்லிமீட்டர் மேலே கொண்டுபோனால் மூன்று வியாதியும் ஒன்றாகப் போகும். பின்பக்கத்தைத் தொடவே தேவையில்லை. அந்தக் கணக்கை மனதுக்குள் போட்டு முடித்த பிறகுதான் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்துத் தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று. சொரசொரப்பான 220 நம்பர்க் கல்லின்மேல் கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, ரொட்டி அறுப்பதுபோல வாயைத் தேய்த்தார். கத்தி அடியோடு மழுங்கியது. பொக்கைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, கடைசிப் பொக்கை ஒரு புள்ளியாகி மறைந்தபோது, வாய் இருந்த இடத்தில் அரை மில்லிமீட்டர் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு தட்டைப் பட்டை மட்டும் நின்றது. மழுக்காமல் சரிவிலிருந்தே தேய்த்தும் பொக்கையை எடுக்கலாம்; அப்படிச் செய்தால் மெலிந்துபோன வாய் கல்லில் பட்டு மறுபடி உதிரும், கோடும் நேராக நிற்காது.

உடைந்த முனைக்கு வேறு வைத்தியம். வாயை மேலே ஏற்றி முனையைக் கூர்மையாக்கினால் கத்தியின் வயிற்று வளைவு கெட்டுப்போகும், நல்ல எஃகும் வீணாகும். அவர் முதுகுப்பக்கத்தைத் தேய்த்து இறக்கி முனையைச் சந்திக்க வைத்தார். முதுகில் போவது பெரும்பாலும் மெல்லிய இரும்பு, போனால் போகிறது.

பிறகு ஆரம்பித்தது நெடிய வேலை. அந்த அரை மில்லிமீட்டர்ப் பட்டை மறைய வேண்டுமானால் வலப்பக்கச் சரிவு முழுவதும், கோட்டிலிருந்து வாய் வரை இரண்டு விரல் அகலம், அதே அரை மில்லிமீட்டர் தேய வேண்டும். எடையில் இருபது கிராமை ஒட்டி வரும். மின்சாரச் சாணையில் இரண்டு நிமிடம். கல்லில் மணிக்கணக்கு. வாயோரத்தை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்துத் தீட்டினால் அரைமணியில் கூர்மை வந்துவிடும், காகிதம் வெட்டிக் காட்டலாம், காசு வாங்கலாம். ஆனால் வாய்க்குப் பின்னால் சதை பருத்துக் கத்தி ஆப்பு மாதிரி ஆகிவிடும். மீனைப் பிளக்குமே தவிர அறுக்காது. சரிவை அப்படியே வைத்துக்கொண்டு வாயை மேலே கொண்டுபோனால் நடுக்கோடும் மேலே போயாக வேண்டும். ஆகவே இரண்டு விரலைக் கோட்டுக்குப் பக்கத்தில் அழுத்திச் சில இழுப்பு, வாய்க்குப் பக்கத்தில் மாற்றிச் சில இழுப்பு. கத்தி கல்லில் ஆடாமல் ஒரே தளத்தில் படுத்துப் போகும் சத்தம் வேறு. மணிக்கட்டு அசங்கினால் சத்தம் மாறும். அவர் கண் பெரும்பாலும் கல்லில் இல்லை, வராந்தாவில் இருந்தது.

கல்லும் தேய்கிறது அல்லவா? நடுவில் பள்ளம் விழுந்த கல்லில் தட்டைச் சரிவு வராது. கண்ணாடித் துண்டின்மேல் தண்ணீர் உப்புத்தாளை ஒட்டி வைத்திருந்தார். அடிக்கடி கல்லை அதில் குப்புறப் போட்டுச் சமப்படுத்தினார். சாம்பல் நிறச் சேறு கைமுட்டி வரை.

பிற்பகல் போய்க்கொண்டிருந்தது. தம்பி பொறுமையிழந்து, “ஐயா, இவ்வளவு தேச்சா கத்தியே முடிஞ்சிராதா?” என்றார்.

“அதுக்குத்தான் தம்பி மெதுவா தேய்க்கிறது. பட்டையாச்சும் ஏழெட்டு வருசத்துல திரும்ப வளரும். இது வளராது.”

சரிவு சமமாகி வந்தபோது கத்தியின் இரண்டு அடுக்கும் கண்ணுக்குத் தெரிந்தன. மேலே மெல்லிய இரும்பு மங்கலாக. கீழே வாயோரம் எஃகு கண்ணாடி மினுக்கத்தில். இரண்டுக்கும் நடுவே கொல்லர் ஒட்டிய இடம் அலை அலையாக ஒரு கோடு. பிளாஸ்டிக் கருவியும் சாணைச் சக்கரமும் கலைத்துப் போட்டிருந்தது இந்தக் கோட்டைத்தான். அதைக் கண்டதும் 1000 நம்பர்க் கல்லுக்கு மாறினார். கரடுமுரடான கீறல்கள் போய்ப் பிசிறு எழும்பியது. விரல் நகத்தை இடப்பக்கத்தில் வைத்து வாயை நோக்கித் தள்ளினால் தட்டுப்படும் மயிரிழை. அப்போதுதான் முதல் தடவையாகக் கத்தியைத் திருப்பி, இடப்பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படுக்க வைத்து, சாய்க்காமல், சில இழுப்பு. அவ்வளவே. 5000-லும் அதே வரிசை. கடைசியில் வலப்பக்க வாயோரத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குட்டிச் சரிவு. பிடிப்பக்கம் அதைக் கொஞ்சம் மொத்தமாக வைத்தார், எலும்பு தாங்க.

சோதனைக்குக் காகிதம் எடுக்கவில்லை, கைமுடியும் சிரைக்கவில்லை. வீட்டில் இருந்த கெம்போங் மீனை எடுத்து வரச் சொல்லி, வாலிலிருந்து தலைக்கு நடுமுள்ளின் மேலே ஓட்டினார். முள்ளில் கத்தி உரசும் டிக் டிக் சத்தம் ஒரே சீராக வந்தது. முள்ளில் ஒட்டிய சதை அடியில் எழுத்தை வைத்தால் படிக்கிற அளவுக்கு மெல்லிசு.

பிடி உளுத்திருந்தது. கோலாலம்பூர் ஈரத்தில் மக்னோலியா மரம் கறுத்து, வளையத்துக்கு அடியில் தண்ணீர் இறங்கிக் காம்பு துருவேறியிருந்தது. ஜப்பானில் பிடியை மாற்றுவது செருப்புக்கு வார் மாற்றுவது போன்ற காரியம். பெரியவர் ஈரத்துணியை வாய்முழுக்கச் சுற்றி, காம்பை மட்டும் சூடாக்கி, துளையிட்ட புதுக்கட்டையில் தட்டி இறக்கினார். துணி இல்லாவிட்டால் சூடு வாய் வரை ஏறும். காலையிலிருந்து பட்ட பாடு காம்பு வழியே போய்விடும். இடுக்கில் மெழுகு உருக்கி ஊற்றினார். துருவுக்கு ஜப்பானில் கமேலியா விதை எண்ணெய் தடவுவார்கள். இங்கே தேங்காய் எண்ணெய் போதும், துடைத்து வைக்கிற பழக்கம் இருந்தால். எலுமிச்சை அறுத்துவிட்டு அப்படியே போட்டால் கால்மணியில் கருமை படரும்.

கூலி 70 வெள்ளி கேட்டார். கத்தியே 80 வெள்ளிதானே என்று தம்பி ஒரு கணம் தயங்கியது எனக்குத் தெரிந்தது. பேரம் பேசாமல் கொடுத்துவிட்டார். சகாய்க்கு அனுப்பிப் பழுது பார்த்தால் தபால் கூலிக்கே அதற்கு மேல் ஆகும். என்னைக் கேட்டால் பெரியவர் குறைத்துத்தான் வாங்குகிறார். உளி தீட்டுவதற்குத் தோட்டத்தில் தனிக்கூலி கொடுத்த வழக்கம் இல்லை. தீட்டுகிற நேரம் வேலை நேரத்தில் சேராத பழக்கத்திலேயே வளர்ந்த தலைமுறைக்கு இன்றும் அந்த நேரத்துக்கு விலை சொல்லத் தெரியவில்லை.

நிபந்தனை போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். கோழி கூடாது. உறைந்த மீன் கூடாது. இக்கான் மேரா தலைக்குச் சீனக் கத்தி வாங்கிக்கொள்ள வேண்டும். அது 40 வெள்ளிக்குக் கிடைக்கும், எந்த அடியும் தாங்கும். தேபா சதை உரிக்க மட்டும். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிளாஸ்டிக் கருவியை ரயிலில் வரும்போதே போனில் சொல்லிக் குப்பையில் போடச் செய்தார்.

போன மாதம் ஜாலான் ஸ்காட் பக்கம் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். தேபா பதமாகத்தான் இருக்கிறது, வாயில் ஒரு பொக்கை இல்லை. ஆனால் மீன் அறுக்க வைத்த புதிய ஆள் இடதுகைக்காரர். வலதுகைக்காகச் சீவிய ஒருபக்க வாய் அவர் கையில் முள்ளை விட்டு விலகிச் சதைக்குள் ஓடுகிறது. ஒவ்வொரு மீனிலும் பாதிச் சதை முள்ளோடு போகிறது. இடதுகைக்கென்று சகாயில் தனியாகச் சீவிக் கொடுப்பார்கள், விலை வலதுகைக் கத்தியைவிடக் கூடுதல். அது எவ்வளவு ஆகும் என்று தம்பி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.